நாளுக்கு நாள் முற்றும் நோயும் அரசாங்க உதவியும்

மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கிராமத்தார் பெரும்பாலும் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய ஒருவரையோ, கதிரடிக்கும் இயந்திரத்தில் கையை இழந்த ஒருவரையோ, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரையோதான் எண்ணிப் பார்க்கின்றனர். இத்தகையோரின் குறை ஒரு நிலையில் நின்றுவிட்ட குறையாகும். வைத்தியர் ஒரு முறை அளந்து எழுதினால், அவ்வெழுத்து பெரும்பாலும் அவர் ஆயுள் உள்ளளவும் பொருந்தும். ஆனால் தாமிரபரணிக் கரையிலுள்ள நம் ஊர்களில் வேறொரு வகையினரும் வாழ்கின்றனர். அவர்களுடைய குறை நிற்பதில்லை, வளர்கிறது. கார் நடவின்போது தாமாகத் திண்ணைப் படி ஏறியவர், பிசான அறுவடைக்குள் பிறர் தோளைப் பற்றி ஏறுகிறார். தசைச்சிதைவு நோய், பார்க்கின்சன் நோய், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறை சிதைந்துபோகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. இவர்களுக்கும் அரசாங்கம் உதவி வைத்திருக்கின்றது. அதனைப் பெறும் வழியில் இவர்களுக்கென்றே உள்ள ஓர் இடர்ப்பாட்டைப் பற்றி எழுத விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடும் விவசாயி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்கு அப்போது எட்டு வயது. ஓடினால் விழுகிறான், தரையில் அமர்ந்தால் எழ நேரமாகிறது, ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்கிறார். ஆஸ்பத்திரியில் தசைச்சிதைவு என்று கண்டறிந்து, 35 விழுக்காடு என்று சான்று வழங்கியிருந்தனர். உதவித்தொகைக்கு 40 விழுக்காடு வேண்டும். ஆகவே அவருடைய மனு தள்ளப்பட்டிருந்தது. நாம் அம்மனுவின் மேல், "உரிய நடவடிக்கைக்கு அனுப்பலாகிறது" என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினோம். அத்துடன் நம் கடமை தீர்ந்தது என்றே எண்ணினோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, குடிநீர்த் தொட்டிக்கு இடம் பார்க்க அவ்வூருக்குச் சென்றபோது, அதே பையன் திண்ணையில் சுவரில் சாய்ந்தபடி அமர்ந்திருக்கக் கண்டோம். நடை நின்று எட்டு மாதமாகியிருந்தது. நடை நின்ற அன்றே பள்ளியும் நின்றுவிட்டது. மறுபடியும் ஏன் மனுச் செய்யவில்லை என்று தந்தையைக் கேட்டோம். "அதான் முப்பத்தஞ்சுன்னு எழுதிட்டாவளே ஐயா, சர்க்கார் எழுதுனது மாறவா செய்யும்?" என்றார். மாறும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் அவர் பெற்றிருக்கக்கூடிய தொகையைவிட, பையன் இழந்த மூன்று ஆண்டு வைத்தியமும் பள்ளியுமே பெரிது.

நோய் ஓடிக்கொண்டிருக்கிறது, சான்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதனைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

முதலில் நோயை அடையாளம் காண்பதைப் பற்றிச் சிறிது கூறுவோம். தசைச்சிதைவு நோயில் பல வகைகள் உண்டு. குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படுவது, 19ஆம் நூற்றாண்டில் அதனை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் டூஷென் வகை எனப்படுகிறது. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடலில் உண்டாகாமையே இதற்குக் காரணம். ஏறத்தாழ முற்றிலும் ஆண் குழந்தைகளையே இது பற்றுகிறது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே அறிகுறி தோன்றும். கெண்டைக்கால் பருத்துக் காணப்படும். "பையன் பலசாலி" என்று பாட்டிமார் மகிழ்வதுண்டு. ஆனால் அக்குழந்தை நுனிக்காலால் நடக்கும், அடிக்கடி விழும், படியேறத் தயங்கும். தரையிலிருந்து எழும்போது இரு கைகளையும் முதலில் தரையில் ஊன்றி, பின் முழங்காலில் ஊன்றி, பின் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மீதே தான் ஏறுவதுபோல எழும். இவ்வாறு எழும் குழந்தையைக் கண்டால், ஊராட்சி உறுப்பினர் ஒரு வாரம்கூடத் தாமதிக்கலாகாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சிறார் மருத்துவக் குழுவினரிடம் காட்டலாம். அன்றி ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சிபிகே என்னும் இரத்தப் பரிசோதனையே பெரும்பாலும் முதல் வழிகாட்டி. மரபணுப் பரிசோதனை நோயை உறுதி செய்யும்.

டூஷென் வகையினருக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடுகிறது. பின்னர் மூச்சுத் தசைகளும் இருதயமும் தளர்கின்றன. நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. ஆயினும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பது தவறு. ஸ்டீராய்டு மருந்து வைத்தியர் மேற்பார்வையில் தரப்பெற்றால் நடையைச் சில ஆண்டுகள் நீட்டிக்கிறது. அதனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. இயன்முறை வைத்தியத்தால் மூட்டுகள் மடங்கி இறுகுவதைத் தாமதப்படுத்தலாம். இருதயத்தையும் மூச்சையும் ஆண்டுதோறும் பரிசோதித்தால் ஆயுள் நீள்கிறது.

இவ்விடத்தில் ஒரு சொல். "முழுக் குணம்" என்று சொல்லி இலட்சக்கணக்கில் பெறுவோரிடம், நோயுற்ற பிள்ளைக்காக வயலை விற்றுக் கொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். வயலும் போயிற்று, பிள்ளையும் எழவில்லை. பணம் கேட்கும் வைத்தியர் எவராயினும், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் ஒரு முறை கேட்டறியாமல் பத்திரத்தைத் தொட வேண்டாம்.

உறவுமுறைத் திருமணத்தைப் பற்றியும் நம்மிடம் கேட்கின்றனர். டூஷென் வகை தாய்வழி வருவது. மாமன் மகளை மணந்ததால் வருவதன்று. சில வேளை, குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாதிருந்தும் புதிதாகத் தோன்றுவதுண்டு. இடுப்பையும் தோளையும் முதலில் பற்றும் வேறு சில வகைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்வதால் தோன்றுகின்றன. அவற்றுக்கு நெருங்கிய உறவில் மணப்பது வாய்ப்பை அதிகரிக்கும். எதுவாயினும் அந்தத் தாயைப் பழி சொல்வது கொடுமை. பயனுள்ள காரியம் யாதெனில், அவளும் அவளுடைய சகோதரிகளும் அடுத்த பிரசவத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவதேயாகும்.

இனி, சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கில் கொண்டது. தசைச்சிதைவுற்றோர் கை கால் ஊனமுற்றோர் என்ற பொதுத் தலைப்பில் ஒடுங்க வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தபோது, வகைகள் 21 ஆயின. தசைச்சிதைவு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் ஆகிய மூன்றும் அவற்றில் தனித்தனிப் பெயரோடு இடம்பெற்றன. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்பது எல்லைக்கோடு.

சான்றும் அடையாள அட்டையும் பெறுவதற்கு மத்திய அரசாங்கத்தின் ஸ்வாவலம்பன் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் செய்து தருவர். ஆதார், நிழற்படம், முகவரிச் சான்று, கையிலுள்ள வைத்தியச் சீட்டுகள் ஆகியவை போதும். பின் குறித்த நாளில் ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் பரிசோதித்து விழுக்காட்டை நிர்ணயிப்பர். இவ்வட்டை இந்தியா முழுவதும் செல்லும்.

வைத்தியர்முன் செல்லும் அந்நாளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். பெரும்பாலான தவறு அங்குதான் நேர்கிறது. நம் கிராமத்தார் மானமுள்ளவர்கள். "எப்படி இருக்கிறான்?" என்று வைத்தியர் கேட்டால், "நல்லா நடப்பான் ஐயா" என்று பெற்றோர் கூறிவிடுகின்றனர். பையனும் புதியவர்முன் பல்லைக் கடித்துக்கொண்டு நாலடி நேராக நடந்து காட்டுகிறான். அந்த நாலடிதான் ஏட்டில் பதிகிறது. வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் படுக்கையிலிருந்து எழாமல் கிடப்பது எவர் கணக்கிலும் வருவதில்லை. பொய் சொல்லுமாறு நாம் கூறவில்லை. குறைத்துச் சொல்லவேண்டாம் என்றே கூறுகிறோம். போவதற்கு முன் ஒரு மாதம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வைக்கவேண்டும்: எத்தனை முறை விழுந்தான், கழிப்பறைக்குச் செல்ல யார் தூக்கினார், சட்டை மாட்ட எவ்வளவு நேரமாயிற்று, சோற்றுக் கையைத் தலைக்குமேல் தூக்க இயலுகிறதா, இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்க நேர்ந்தது. எழுதத் தெரியாத வீட்டுக்கு ஊராட்சிச் செயலாளர் எழுதித் தரலாம். அந்நோட்டைக் கண்ட வைத்தியர் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

நிலை மாறக்கூடிய நோய்க்குக் காலவரையறையிட்ட சான்று வழங்கப்படுவதுண்டு. அதில் கண்ட தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். நம் கைக்கு வரும் மனுக்களில் காலாவதியான சான்றுகள் கணக்கற்றவை. தேதி முடியாவிடினும், நிலை கண்கூடாக மோசமாகியிருந்தால் மறு மதிப்பீடு கேட்கலாம். ஒரு முறை 35 என்று எழுதியது கல்வெட்டன்று. வைத்தியர் சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். முடிவு ஏற்புடையதன்று எனில், அச்சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு.

உதவித்தொகை இரு துறைகளின் வழியாக வருகிறது. இதில் மக்கள் பெரிதும் குழம்புகின்றனர். தாலுகா அலுவலகத்தின் வழியாக வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1500 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அது 1500 ரூபாயாக இருந்து 2000 ரூபாயாக உயர்ந்தது. பொதுவாகக் கை கால் குறையுற்றோர்க்குப் பராமரிப்புத் தொகை பெற 75 விழுக்காடு வேண்டும். தசைச்சிதைவுற்றோர்க்கு 40 போதும். ஆகவே சான்றில் "கை கால் குறை" என்று மட்டும் எழுதாமல் "தசைச்சிதைவு" என்று பெயர் குறித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு சொல்லால் குடும்பம் ஆண்டுக்கு 24,000 ரூபாய் இழப்பதுண்டு. ஒருவர் இவ்விரண்டு தொகைகளையும் ஒருங்கே பெற இயலாது. முற்றிலும் பிறர் துணையோடு வாழ்பவரைக் கவனித்துக்கொள்பவருக்கென மாதம் 1000 ரூபாய் வழங்கும் ஏற்பாடும் அத்துறையில் உண்டு.

தொகை வரும் வங்கிக் கணக்கிலும் நோய் புகுந்துவிடுகிறது. பார்க்கின்சன் நோயுற்ற முதிய விவசாயி ஒருவர், கை நடுக்கத்தால் கையொப்பம் மாறிப்போய், தம் பணத்தைத் தாமே எடுக்க முடியாமல் நான்கு முறை வங்கிக்கு அலைந்தார். அறுபது ஆண்டு மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகையும் தேய்ந்திருந்தது. கை உறுதியாக உள்ளபோதே மனைவியையோ மகனையோ சேர்த்துக் கூட்டுக் கணக்காக்கிவிட்டால் இத்தொல்லை இல்லை. ஆதாரில் கருவிழிப் பதிவும் சரியாக உள்ளதா என்று பார்த்துவைக்க வேண்டும்.

வைத்தியச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, கலெக்டர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்யவேண்டும். இது முக்கியமாக ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் வைத்தியத்துக்கு உரியது என்பதை மறக்கலாகாது. வீட்டில் நாள்தோறும் வேண்டிய இயன்முறை வைத்தியத்துக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கே வருகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். நிராமயா என்னும் காப்பீட்டைப் பற்றிக் கேள்வியுற்றுப் பலர் மனுத் தருகின்றனர். அது மனவளர்ச்சிக் குறை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியோர்க்கு மட்டுமே. தசைச்சிதைவு ஒன்று மட்டும் உள்ளவருக்குக் கிடைக்காது. வீணாக அலையவேண்டாம்.

சாதனங்களில் முக்கியமானது பாட்டரியால் ஓடும் சக்கர நாற்காலி. கை தளர்ந்தவர் சாதாரண சக்கர நாற்காலியைத் தாமே தள்ள இயலாது. இதில் ஒரு சிறு குமிழைத் தொட்டால் போதும். தசைச்சிதைவுற்றோர்க்கு நலத்துறை இதனை விலையின்றி வழங்குகிறது. இதற்கும் முந்திக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். நடை நின்றபின் மனுச் செய்தால், நாற்காலி வரும்வரை உள்ள மாதங்கள் திண்ணையில் கழியும்.

இந்நோயுற்றவர் வாழ்வு திண்ணையோடு முடிவதன்று என்பதற்கு நம் ஆற்றுப் படுகையிலேயே சான்று உண்டு. சிற்றாற்றுப் பக்கத்திலுள்ள ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981ஆம் ஆண்டு, உலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட அவ்வாண்டிலேயே, அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்ற இடத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் அவர். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருக்குத் துணையாக அச்சங்கத்தை நடத்திவரும் எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு நோயுற்றவர், பட்டயக் கணக்காளர். நூற்றுக்கணக்கானோர் ஊதியம் பெறும் ஒரு நிறுவனத்தின் கணக்கை அவர் சக்கர நாற்காலியிலிருந்தே நிர்வகிக்கிறார். சங்கத்தார் கிராமங்களுக்கு வந்து சிறு குழந்தைகளின் குறையை ஆரம்பத்திலேயே கண்டறியும் பணியையும் செய்கின்றனர்.

ஆய்க்குடியைச் சொல்லும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. கடையம், கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கத்தார் சிலர் பழைய பழக்கத்தால் இன்னமும் கொக்கிரகுளத்துக்கு மனுவோடு பஸ் ஏறி வருகின்றனர். நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் வந்தபின் "உங்கள் மாவட்டம் தென்காசி" என்று கேட்பதைப்போன்ற துன்பம் வேறில்லை. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை என்பது உண்மையே. ஆனால் உடல்நோவுக்குச் சலுகை இல்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் பெரிய காரியம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஒரு பதிவேடு போதும். தம் வார்டில் இத்தகைய நோயுற்றவர் பெயர், சான்றின் விழுக்காடு, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் எழுதி, கிராம சபை கூடும்போதெல்லாம் ஒரு முறை புரட்டிப் பார்த்தால், நாம் செய்த தவறு உங்கள் ஊரில் நேராது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வோர் ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்கச் சட்டப் பேரவை 2025 ஏப்ரலில் வழி செய்தது. அப்பதிவேட்டை அவ்வுறுப்பினரிடமே ஒப்படைப்பது பொருத்தம். பள்ளி, நியாயவிலைக் கடை, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் வாசலில் சாய்வுப் பாதை அமைப்பதும் ஊராட்சியின் கையிலேயே உள்ளது.

நாம் மேலே கூறிய பையனுக்கு மறு மதிப்பீட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் எழுதப்பட்டது. உதவித்தொகை வந்தது; பின்னர் பாட்டரி நாற்காலியும் வந்தது. வந்த நாற்காலி அவர்கள் வீட்டு நிலையில் நுழையவில்லை. உள்ளூர்த் தச்சர் கூலி வாங்காமல் நிலையை அகலப்படுத்தித் தந்தார். தெருவில் கால்வாய்மடைக்கு அருகே இருந்த பள்ளத்தை ஊராட்சியார் நிரப்பினர். வகுப்பைத் தலைமை ஆசிரியர் கீழ்த் தளத்துக்கு மாற்றினார். பையன் இப்போது பள்ளி செல்கிறான். அவனுக்கு அடுத்த மதிப்பீட்டுக்குரிய தேதியை, தந்தை வீட்டு நாட்காட்டியில் பிசான நாற்றுப் பாவும் நாளுக்குக் கீழே மையால் குறித்து வைத்திருக்கிறார்.